சம்மந்தி போட்ட கணக்கு

ஆடி மாதத்தில் கலியாணப் பேச்சு எடுக்கக் கூடாதென்று சொல்லிக்கொண்டேதான் அவர் படியேறினார். "பேச்செல்லாம் ஆவணியில வச்சுக்கொள்ளுவம் தங்கச்சி. சும்மா பிள்ளையப் பாத்திட்டுப் போவமெண்டு வந்த." என் மகள் விரும்பிய பொடியனின் தகப்பன். செங்கலடிப் பக்கம் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற சேர். வெள்ளைச் சேட்டு, வாய் நிறையச் சிரிப்பு. தேத்தண்ணி குடித்து முடியுமட்டும் எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

என் அண்ணனும் பக்கத்தில் இருந்தார். மகளின் தகப்பன் காலமான பிறகு அவளுக்காக சபையில் இருந்து பேச அந்தத் தாய்மாமனை விட்டால் ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு போய்விடுவான். அண்ணன் சமாதானக் காலத்தில் வன்னிக்கு மேசன் வேலைக்குப் போய், அங்கேயே முடித்து, அங்கேயே இருந்துவிட்டார். கடைசிச் சண்டையில் மனிசி போய், மகள் போய், வீடும் போய், முகாமிலிருந்து விட்டதும் நேரே என்னிடம் வந்து சேர்ந்தார். அங்கே என்ன நடந்தது என்று என்னிடம் வாய் திறந்ததே இல்லை. நானும் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனேன்.

அன்றைக்குப் பார்த்து ரீவிச் செய்தியில் ஜப்பானில் அணுகுண்டு போட்ட நாளைக் காட்டினார்கள். சனம் பூ வைக்கிறது, மணி அடிக்கிறது. வயதான ஒரு பெண் கழுத்துத் தழும்பைக் காட்டிக்கொண்டு நின்றாள். சம்மந்தி வடையைக் கடித்தபடி, "பாவந்தான். ஆனா அதப் போடாட்டி சண்டை முடிஞ்சிரிக்காதே. இன்னும் எத்தின லெச்சம் சனம் செத்திரிக்கும்? கூடச் சாகிறத விடக் குறையச் சாகிறது நல்லந்தானே. கணக்கெண்டா கணக்குத்தான்" என்றார்.

எனக்குக் கோவம் உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"அந்தக் குறைஞ்ச ஆக்கள் ஆரெண்டு ஆர் சேர் பாத்துப் பிரிக்கிற? பள்ளிக்கூடம் போன பிள்ளையா சண்டையத் தொடங்கின? அண்டைக்குச் செத்ததோட முடிஞ்சுதா? அதுக்குப் பிறகும் வருசக்கணக்கா வருத்தம் வந்து செத்திரிக்குதுகள். வயித்தில இரிந்த பிள்ளையும் தப்பல்ல. அதையும் கணக்கில சேத்த நீங்களா?"

மகள் அடுப்படி வாசலில் நின்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் விடுவாரா, படிப்பித்த வாய். "கோவிக்காதீங்க. எங்கட சண்டையும் அப்பிடித்தானே? எப்பிடியோ முடிஞ்சுது. முடிஞ்சபடியாத்தானே இண்டைக்கு நாம இப்பிடிக் கலியாணக் கதை கதைச்சுக்கொண்டு இரிக்கம்."

அண்ணன் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வாவிக்கரைப் பக்கம் நடந்துவிட்டார்.

சம்மந்தி போனதும் மகளிடம் சொன்னேன், இந்தச் சம்மந்தம் வேணாம் என்று. அவள் அழுதாள். "மாமாட கதை அவருக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா சொல்லியிரிக்க மாட்டார்."

"தெரியாட்டிச் சொல்லலாமோ?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா வேணாமெண்டு சொல்லட்டும். நான் விட்டிருறன்" என்றாள். அப்படித்தான் முடிவு அண்ணன் கைக்குப் போனது.

அண்ணனோ ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு இடத்தில் இருப்பார் என்றில்லை. நின்றபடியே சோறு தின்பார். வேலைக்குப் போன இடத்தில் பாதிச் சுவரோடு விட்டுவிட்டு வந்து கரையில் அங்கும் இங்கும் நடப்பார். கூப்பிட்டால் கிறுகிப் பார்க்கவும் மாட்டார். எனக்கும் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. சட்டியைத் தேய்க்கும்போது அந்த மனிதரோடு சண்டை, தையல் மெசினில் இருந்தால் அவரோடு சண்டை. எல்லாச் சண்டையிலும் நானே வென்றேன், ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் சொன்னது முழுப் பொய்யென்றால் எனக்கு ஏன் இப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது என்று யோசித்தபோது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஆவணி பிறந்து சில நாளில் அண்ணன் முகம் வழித்து, வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "புள்ள, உடுத்திக்கொண்டு வா. செங்கலடிக்குப் போவம்."

அப்பாடா என்றிருந்தது. நேரே போய் முகத்துக்கு முன்னால் முறித்துவிட்டு வரப்போகிறார். பஸ்ஸில் போகும்போதே என் பங்குக்குப் பேச வேண்டியதையெல்லாம் வரிசையாக வைத்துக்கொண்டேன்.

சம்மந்தி ஓடிவந்து முற்றத்தில் கதிரை போட்டார். அண்ணன் இருக்கவில்லை. "கலியாணத்துக்கு எனக்குச் சம்மதம் சேர்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்மந்தி சிரிக்க வாயெடுத்தார்.

"நான் வேற ஒண்டு கேக்க வந்த. கடைசி நேரம் பங்கர்க் குழிக்குள்ள கிடந்தம். மனிசி முதலே போயிற்றா. மகள் மடியில கிடந்து தண்ணி, தண்ணி எண்டு கேட்டா. அப்ப நான் இவளக் காப்பாத்து எண்டு கடவுளிட்ட கேக்கல்ல சேர். ஒரு பெரிய குண்டாப் போட்டு, எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சு விடு எண்டுதான் கேட்ட. அவள் மடியில இரிக்கக்குள்ளயே கேட்ட. அதுக்கு மறுகா சண்டை முடிஞ்சுது. அவள் இல்ல. நான் இரிக்கன்."

இத்தனை வருசம் நான் கேட்டுக் கிடைக்காத கதை.

"அப்பிடி முடிச்சது சரியெண்டு என்ட காதுபடச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்றார் அண்ணன். "அண்டையில இரிந்து எனக்கு நித்திரையில்ல. இன்னொருக்கா சொல்லுங்க சேர். அந்தக் கணக்கப் போட்டு, ஆறுதலா, எனக்கு விளங்கிறாப்போல சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். காப்பாற்றச் சொல்வதுபோல என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது, யாரும் எடுக்கவில்லை.

"சொல்லுங்க சேர்."

இந்த மனிசனின் வாயை அடைக்க வேண்டுமென்று வந்தவள் நான். ஒருக்கா சொல்லித் தொலையுங்களேன், பொய்யெண்டாலும் சொல்லுங்களேன் என்று மனசுக்குள் அவரைக் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.