சுண்டுவிரலைக் காட்டுங்கள்

பலர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெண்ணின் மடங்கிய விரலைப் பிடித்து இழுத்தவன் நான். கடமையைச் செய்கிறேன் என்று நினைத்துத்தான் இழுத்தேன் என்பது இதில் கூடுதல் வெட்கம்.

சுமார் இருபது வருடங்களுக்கு முன், ஒரு பொதுத் தேர்தல் நாள். கண்டிக்குப் பக்கத்துத் திகனயிலிருந்து மலையேறும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம்தான் வாக்களிப்பு நிலையம். கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்த எனக்குக் கொடுத்த வேலை, வருகிறவர்களின் இடது கைச் சுண்டுவிரலைப் பார்ப்பது. ஏற்கனவே மை இல்லையென்றால் புதிதாக வைப்பது. ஒரு சின்னப் போத்தலும் ஒரு குச்சியும் தந்திருந்தார்கள். சிலருக்குத் துப்பாக்கி கொடுத்தால்தான் தலை கனக்கும். எனக்கு அந்தப் போத்தலே போதுமாயிருந்தது.

போதாக்குறைக்கு நான் நிறைய வாசிக்கிறவன், அதிலும் துப்பறியும் கதைகள். பயிற்சி வகுப்பில் மையை ஏமாற்ற ஆட்கள் என்னென்ன செய்வார்கள் என்று ஒருவர் விளக்கினார். மெழுகு பூசுவார்களாம், எண்ணெய் தடவுவார்களாம். அதை மட்டும் கவனமாகக் கேட்டேன். அவர்கள் தந்த கைநூலைப் பைக்குள் வைத்தேன். அது பைக்குள்ளேயே இருந்தது.

காலை பத்து மணியளவில் அந்த அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் புத்தம் புதிய அடையாள அட்டை. பெயர் சரி, இலக்கம் சரி. இடது கை மட்டும் சேலைத் தலைப்புக்குள் இருந்தது. வெளியே எடுக்கச் சொன்னேன். எடுத்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தன. நான் பார்க்க வேண்டிய நகம் எதுவோ, சரியாக அதுதான் மறைந்திருந்தது. எனக்குள் பத்தாவது அத்தியாயம் தொடங்கிவிட்டது.

விரலை விரிக்கச் சொன்னேன்.

“தொறக்காதுங்க ஐயா. மத்த வெரல்ல வைங்க.”

கள்ள வாக்குப் போட வந்தவர் வேறென்ன சொல்வார் என்று நினைத்தேன். அவர் மணிக்கட்டைக் காட்டி இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நான் கேட்கவில்லை. சுவரோரமாக நிற்கச் சொல்லிவிட்டு, விரல் விரியும்வரை வாக்குச்சீட்டு இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தேன்.

அவர் போய்விடவில்லை. பெருக்கல் வாய்ப்பாடு தொங்கிய சுவரோடு நின்றார். வரிசையில் வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் அவங்க கை ரொம்ப நாளாகவே அப்படித்தான் என்றாள். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அவளை அனுப்பினேன்.

அரை மணி நேரம் கழித்து அவராகவே மேசைக்கு வந்தார்.

“இதுதான் எனக்கு மொத வோட்டுங்க. போன வருசந்தான் பிரஜாவுரிமை கெடச்சது. வீட்டுக்காரரு அது கெடைக்காமலே போய்ச் சேர்ந்துட்டாரு.”

குரல் உயரவில்லை, கெஞ்சவும் இல்லை. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களிடம் சுதந்திரத்தோடு பறித்த பிரஜாவுரிமை, அவர்களில் பலருக்கு அப்போதுதான் திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தது. என் அப்பா நகரத்தில் கடை வைத்திருந்தவர். எங்கள் பிரஜாவுரிமைக் கடதாசி நான் பிறக்குமுன்பே வீட்டு அலுமாரிக்குள் வந்துவிட்டது. என் முதல் வாக்கை யாருக்குப் போட்டேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை.

அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். கட்சி முகவர்கள் இருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து, அந்தச் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தேன்.

விரல் விரியவில்லை. விரலோடு கை வந்தது, முழங்கை வந்தது, தோளும் வந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு பழைய தழும்பு கயிறாகப் புடைத்தது. அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்து மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார்.

“இருவத்தஞ்சு வருசமா தொறக்காத கை. ஒங்களுக்கு மட்டும் எப்பிடித் தொறக்கும் ஐயா?”

எங்கள் நிலையத்துக்குப் பொறுப்பான அதிகாரி எழுந்து வந்தார். சிங்களவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாவிடம்தான், தட்டுத்தடுமாறிய தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அம்மா, இந்த நகம் எப்பிடி வெட்றது?”

நான் வாசித்த எந்தத் துப்பறிவாளனும் கேட்காத கேள்வி. நகம் வெட்டாமல் இருபத்தைந்து வருடம் இருக்க முடியாது. அப்படியானால் ஏதோ ஒரு வழி இருக்கிறது. அது அவருக்குத்தான் தெரியும்.

அவர் மணிக்கட்டை உட்பக்கமாக மடக்கினார். தழும்பு தளர்ந்தது. வலது கையால் சுண்டுவிரலை மெல்லத் தூக்க, அரை அங்குலம் மேலே வந்தது. முதலிலேயே மணிக்கட்டைக் காட்டி அவர் சொல்ல வந்தது இதைத்தான். உள்ளங்கைத் தோல் வெளுத்து ஈரமாயிருந்தது. நகம் அழுத்தி அழுத்தி அதில் ஒரு குழி. நகம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. மை இல்லை.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி பட்ட கையாம். வெட்டைத் தைத்தார்கள், உள்ளே எல்லாம் தழும்போடு ஒட்டிப்போனதை யாரும் பார்க்கவில்லை. மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு அன்று முதல் கொழுந்து பறிக்கிறார். இவ்வளவையும் அதிகாரியிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல.

நான் மை வைத்தேன். அந்தக் குழிக்குள்ளும் மை வழிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாக்குப் போட்டுவிட்டு வெளியேறும்போது அந்தக் கை தலைப்புக்குள் இல்லை. மை காயட்டும் என்று முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார்.

மாலையில் வேனில் மலையிறங்கும்போது கைநூலைப் புரட்டினேன். சுண்டுவிரலில் வைக்க முடியாவிட்டால் வேறு விரலில் வைக்கலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. காலையில் அந்த அம்மா சொன்னதும் அதுவேதான். பக்கத்தில் இருந்த அதிகாரி, தம்பி என்று சிங்களத்தில் என்னை அழைத்து, “மல்லி நெறைய வாசிக்கிற ஆள்னு சொன்னாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது எனக்கு ஐம்பத்து மூன்று. மூன்று வாரமாக, காலையில் எழுந்தால் வலது கை மோதிரவிரல் மடங்கியபடியே பூட்டிக்கொள்கிறது. மற்றக் கையால் தூக்கினால் டக்கென்று வலியோடு விரிகிறது. பேராதனை ஆஸ்பத்திரியில் காட்டினேன். நாண் வீங்கியிருக்கிறது, ஊசி போடலாம், பிடித்து இழுக்க மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். நான் ஏன் தலையைக் குனிந்துகொண்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. யாரையாவது சந்தேகப்பட வாயெடுக்கும்போது, இவர் நகம் எப்படி வெட்டுகிறார் என்று இன்றைக்கும் ஒரு கணம் யோசிக்கிறேன். பாதி நேரம் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

அந்த அம்மாவின் வேதனை இப்போதுதான் எனக்குப் புரிகிறது என்று மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன். அவள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அவங்க அந்தக் கையோட இருவத்தஞ்சு வருசம் கொழுந்து எடுத்தாங்க. நீங்க இந்தக் கையச் சொல்லி மூணு வாரமா ஒரு தேத்தண்ணிக் கோப்பையக்கூடக் கழுவல.”