ஓங்கிய மட்டை
மொன்றியலுக்கு வந்த புதிதில், இல்-பிசார் தீவில் ஒரு கோல்ஃப் கிளப்பில் என்னோடு வேலை செய்தவர் அவர். சமையலறையில் பாத்திரம் கழுவுவார். நெடிய ஆள், இடது காதில் பாதி இல்லை. யாராவது சத்தம் போட்டால் இரு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்வார்.

ஐம்பதைத் தாண்டிய கோல்ஃப் வீரர்களின் பெரிய சாம்பியன்ஷிப் ஒருநாள் மதுக்கூடத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிக் குழியை நோக்கிப் பந்து உருண்ட நேரம், கிளாஸ்களை எடுத்துக்கொண்டு நான் திரைக்குக் குறுக்கே போய்விட்டேன். குடித்திருந்த உறுப்பினர் ஒருவர் கத்திக்கொண்டே வந்து இரும்பு மட்டையை என் தலைக்கு ஓங்கினார். கண்ணை மூடிக்கொண்டேன். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து ஓடிவந்தவர் குறுக்கே கையை நீட்டி அந்த அடியை வாங்கியிருந்தார்.

மற்றக் கையால் மட்டையைப் பறித்தார். அந்த ஆளைச் சுவரோடு நெருக்கி ஓங்கினார். பிறகு சட்டென்று திரும்பித் தொலைக்காட்சியை அடித்தார். அது சுக்குநூறாகும்வரை அடித்தார்.

ஆம்புலன்சுக்குக் காத்திருந்தபோது கேட்டேன்: "அண்ணை, அவனுக்கு ஒண்டு குடுத்திருக்கலாமே?"

"ஒண்டோட நிப்பாட்டியிருக்க மாட்டன், தம்பி. எனக்கு என்னைத் தெரியும்."

அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. அதன்பின் நான் அவரைக் காணவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் நன்றி வருகிறது. கூடவே அவர் சொன்ன அந்தச் சொல்லை நினைத்துப் பயமும் வருகிறது.