கரையில் சும்மா நின்ற படகு

படகில் ஏறுவதற்கு முன்பே ஏரியில் விழுந்தவன் நான். முழங்கால் ஆழம்தான். ஆனாலும் நடுக்கடலில் விழுந்தவன்போலக் கத்தியிருக்கிறேன். மகள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். பத்தாவது படிக்கிறாள். பூநாரை பார்த்தே ஆகவேண்டும் என்று அவள் நச்சரித்ததால்தான் பொங்கல் லீவில் இந்தப் பழவேற்காடு பயணம்.

சென்ட்ரலில் காலை ஆறு நாற்பது மின்சார ரயில், பொன்னேரி வரை பத்து ரூபாய். அங்கிருந்து பஸ், பதினெட்டு கிலோமீட்டர். பிறகு ஊர்க்காரர்களின் படகில் தலைக்கு இருபது ரூபாய் கொடுத்து, இருபது நிமிடத்தில் ஏரிக்குள் இருக்கும் ஒரு மீனவர் ஊருக்குப் போனோம்.

ஆண்கள் எல்லாம் தொழிலுக்குப் போயிருந்தார்கள். ஒரே ஒரு படகு மட்டும் டீசல் நிரப்பிக் கரையில் சும்மா நின்றது. உள்ளே மாரி என்பவர் உட்கார்ந்திருந்தார். பூநாரை காட்ட ஐந்நூறு தருகிறேன் என்றேன். மாட்டேன் என்றார். எண்ணூறு, ஆயிரம் என்று ஏற்றினேன். பேரத்தில் நான் புலி என்று ஒரு நினைப்பு.

"துட்டு இல்ல சார் விஷயம். இன்னிக்கு எங்க வூட்டு முறை."

"என்ன முறை?"

"ஆஸ்பத்திரி முறை."

வலை போட வீட்டுக்கு வீடு முறை இருப்பதுபோல இதற்கும் உண்டாம். தினமும் ஒரு வீடு தொழிலுக்குப் போகாமல் படகோடு காத்திருக்கவேண்டும். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் கொண்டுபோக.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் தெரு டீக்கடை அரட்டையில் அரசாங்கத்துக்கு நான்தான் வக்கீல். "ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம்தான் இலவசமா தர்றாங்களே?" என்றேன்.

"தர்றாங்க. அந்தக் கரையில." மாரி சிரித்தார். "எலக்‌ஷன்னா ஓட்டு மிஷினு மட்டும் படகு ஏறி இங்க வருது சார். நர்ஸம்மா வர்றதுக்குத்தான் தண்ணி குறுக்க நிக்குது."

பதினொன்று பத்துக்கு நான்கு பெண்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நாற்காலியில் நிறைமாதப் பெண். தலைப்பிரசவம். சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முன்பே வலி வந்துவிட்டது.

"சார், நீயும் ஏறு! தண்ணி வத்திக் கீது, தள்ள ஆளு வேணும்" என்றார் மாரி.

பாதி வழியில் படகு தரைதட்டியது. இறங்கினோம். சேறு தொடை வரை இழுத்தது. நான் தள்ளியதைவிட படகைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அதிகம். அந்தப் பெண் என் மகளின் கையை இறுக்கிக்கொண்டு, "இன்னும் எவ்ளோ தூரம்மே?" என்று கேட்டபடியே இருந்தாள். இருபது நிமிட ஏரிக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. அக்கரையில், போனில் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது.

பெண்ணின் அம்மா வண்டியில் ஏறும்முன் என் சேற்றுக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆம்பளைங்க யாருமில்லாத நேரத்துல வந்து நின்ன. நீ நல்லா இருக்கணும் நைனா."

மூன்றரைக்கு மாரிக்குப் போன் வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம்.

போகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மாற்றுத்துணி, குடிதண்ணீர் அவசியம். படகு சவாரிக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள். நாங்கள் பூநாரை பார்க்கவில்லை. மகள் அதற்காக நச்சரிக்கவும் இல்லை.

அந்த அம்மாவிடம் நான் தலையை மட்டும் ஆட்டினேன். மாரி என் ஆயிரம் ரூபாய்க்கு மசிந்திருந்தால் பதினொன்று பத்துக்கு அந்தப் படகு பூநாரைகளுக்கு நடுவில் நின்றிருக்கும் என்பதைச் சொல்லவில்லை.