தாம்ச்சோவின் வாயும் கியெம்போவின் அம்பும்

எங்கள் செல்கா ஊருக்கு அம்புப் போட்டிக்கு வருகிறவர்கள், வந்து இறங்கியதும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கமாட்டார்கள். தாம்ச்சோ எங்கே நிற்கிறாள் என்றுதான் பார்ப்பார்கள். பார்த்ததும் பாதிப் பேர் அவள் கண்ணில் படாத பக்கமாக ஒதுங்குவார்கள். நான் ஊர் அணிக்குப் பதினாறு வருடமாகத் தலைவன். நாங்கள் ஜெயித்த போட்டிகளை என் வில்தான் ஜெயித்துக் கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் ஜெயித்தது அவள் வாய் என்பது ஊருக்கே தெரியும். வீணாக எதற்குப் பொய்?

ஆள் பார்க்க ஒன்றுமில்லை. குட்டையான உருவம், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், எப்போதும் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும் மேலாடை. எதிரணிக்காரன் வில்லை வளைக்கும்போது பெண்கள் கூட்டமாக நின்று கேலிப் பாட்டுப் பாடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மற்ற ஊர்ப் பெண்கள், கை நடுங்குது, கண்ணு மங்குது என்று பொதுவாகப் பாடுவார்கள். அதற்கெல்லாம் யார் அசைவார்கள்? தாம்ச்சோ ஆளுக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டு வருவாள். அதற்காக வருடம் முழுவதும் உழைப்பாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நோப்கா ஊர்க்காரி யாராவது மிளகாய் விற்றுக்கொண்டிருந்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்து, வெற்றிலை மடித்துக் கொடுத்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கதை கேட்பாள். எழுந்து வரும்போது நோப்காவின் வண்டவாளம் முழுக்க அவள் மடியில் இருக்கும்.

நோப்காவின் வாங்டா லேசுப்பட்ட வில்லாளி அல்ல. இரண்டு வருடம் முன்னால் அவன் வில்லைக் காது வரை இழுத்த நேரம் பார்த்துத் தாம்ச்சோ மெதுவாக ஆரம்பித்தாள்.

"பூசைக்கு வெச்ச சாராயம்
பொழுது விடிஞ்சா காணலையே
மாமியா தேடுறா வீடெல்லாம்
மருமவன் வயித்தத் தேடலையே!"

மாமியார் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். வாங்டாவின் அம்பு எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவள் வாயிடம் தோற்காதவன் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒருவன்தான் இருந்தான். இருபது வருடத்துக்கு முன் நோப்கா அணியில் வந்த நெட்டைப் பையன், கியெம்போ. தாம்ச்சோவுக்கு அப்போது வயசும் வேகமும் அதிகம். அவன் கழுத்தின் நீளத்தில் ஆரம்பித்து, இடுப்பு வாரைக் கட்டத் தெரியாததைச் சொல்லி, அவன் அம்மா இன்னும் சோறு ஊட்டுகிறாளாமே என்று முடித்தாள். அவன் இரண்டு அம்பையும் குறிப்பலகை நடுவில் அடித்தான். அடித்துவிட்டு நேராக அவளிடம் நடந்து வந்தான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க. கடைசி வரி சரியா கேக்கல."

வாழ்க்கையில் முதல் முறையாகத் தாம்ச்சோவுக்குப் பதில் வரவில்லை. அறுவடை முடிந்ததும் கல்யாணம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிட்டான். எதிரி ஊரின் நல்ல வில்லாளியைக் கடத்திக்கொண்டு வந்துவிட்டோம் என்று நாங்கள் மூன்று நாள் குடித்தோம்.

அத்தோடு சரி. எங்கள் அணியில் சேர்ந்த பிறகு பத்தொன்பது வருடத்தில் கியெம்போவின் அம்பு ஒருமுறைகூடப் பலகையைத் தொடவில்லை. ஒரு வருடம் வைக்கோல் போரில் குத்தியது. ஒரு வருடம் எங்கள் வெண்ணெய் டீப் பானையை உடைத்தது. ஒரு வருடம் போட்டிக்கு நாள் குறிக்கும் எங்கள் ஜோசியரின் தொப்பிக்கு ஒரு சாண் மேலே போனது. ஒவ்வொரு தடவையும், "கொஞ்சம் தள்ளிப் போச்சு அண்ணே" என்பான், ஏதோ அம்புக்குத்தான் வேறு வேலை வந்துவிட்ட மாதிரி. பலகையில் அடித்தவன் இடுப்பு வாரில் ஒரு வண்ணத் துணியைக் கட்டிவிட்டு, அணியே சுற்றி நின்று ஆடுவது எங்கள் வழக்கம். மற்றவர்கள் வாரில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் தொங்கும். கியெம்போவின் வாரில் வெற்றிலைப் பைதான் தொங்கியது.

கல்யாணம் ஆனதும் கை போய்விட்டது என்று ஊரார் சொன்னார்கள். நானும் அதையேதான் நம்பினேன். ஏனென்றால் வீட்டில் அவனுக்கு விடிந்ததிலிருந்து படுக்கிற வரை திட்டுதான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவனைப் போல நேராக ஏர் ஓட்டுகிறவன் இங்கே கிடையாது. வரப்பில் நின்று தாம்ச்சோ திட்டிக்கொண்டே இருப்பாள், அவன் கோடு போட்ட மாதிரி உழுதுகொண்டே போவான். தங்கை பிரசவத்துக்காக அவள் ஒரு மாதம் திம்பு போயிருந்தபோது, அவன் தன் வயல் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரன் வயலை உழுதுவிட்டு வந்தான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோமே தவிர, யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

போன புத்தாண்டுப் போட்டிக்கு முன்னால் அணியில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த வாத்தியார் நன்றாக அம்பு விடுகிறார், அவரைச் சேர்க்க இடம் வேண்டும். நான் கியெம்போவைக் கூப்பிட்டேன்.

"இதான் கடைசி கியெம்போ. இந்தத் தடவையும் படலேன்னா, அடுத்த வருஷத்துலேந்து நீ டீ காய்ச்சுற பொறுப்ப எடுத்துக்க."

"சரி அண்ணே" என்றான். இரண்டடி போய்த் திரும்பி வந்து, "டீக்கு வெண்ணெ நாம கொண்டாரணுமா, ஊருலேந்து குடுப்பாங்களா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று சாயங்காலம் அவன் வீட்டு வழியாகப் போனேன். மூங்கில் வில்லை மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் தலைவன் என்றால் சிலதைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யத்தான் வேண்டும்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பே ஆண்கள் எல்லோரும் மாட்டுக் கொட்டகைக்குக் குடிபோய்விடுவோம். மைதானத்துக்குப் போகும்வரை பெண்டாட்டி முகத்தைப் பார்க்கக்கூடாது, குரல்கூடக் கேட்கக்கூடாது. கேட்டால் தெய்வக் குற்றம், அம்பு கோணும். அதெல்லாம் தெரிந்தும் இந்தத் தடவை தாம்ச்சோ மத்தியானம் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டாள். உள்ளே மற்றப் பதினோரு பேரும் வைக்கோலுக்குப் பின்னால் பாய்ந்தார்கள். கியெம்போ இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். நான் மட்டும் வெளியே போனேன்.

"லாவாங் அண்ணே, அணியிலேந்து அவரத் தூக்கப் போறீங்களாமே?"

"அணி முடிவு தாம்ச்சோ. நான் ஒருத்தன் என்ன பண்ண?"

"வீட்டுப் பின்னாடி பத்துக்கு ஆறு அடிக்கிறாருண்ணே. என் கண்ணால பாத்தேன்."

"நீ ஒருத்திதான பாத்த?"

"அடுப்படி ஜன்னல்லேந்து பாத்துக்கிட்டே தான இருக்கேன். திட்டுறதுக்குப் பாக்க வேண்டாமா?" அவள் குரல் இறங்கியது. அவள் குரல் இறங்கி நான் கேட்டதே இல்லை. "வருஷம் பூரா அந்த ஒரு நாளுக்குத்தாண்ணே அந்த மனுஷன் மூங்கிலச் சீவிக்கிட்டுக் கெடக்கறாரு. அதையும் புடுங்கிட்டு டீப்பானையக் குடுத்தா, சிரிச்சுக்கிட்டே வாங்கிக்குவாரு. அதான் எனக்குத் தாங்கல."

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

போட்டி நாள் வந்தது. முதல் ஆட்டம் எங்களுக்கு, இரண்டாவது நோப்காவுக்கு. மூன்றாவதில் இரண்டு பக்கமும் இழுபறி. தாம்ச்சோ அன்று பேய் மாதிரி பாடினாள். நோப்கா தலைவனின் புதுப் பல் செட்டைப் பற்றி அவள் பாடியதில் அவன் வாயைத் திறக்காமலே அரை நாள் அணியை நடத்தினான். கடைசியில் வந்து நின்ற நிலை இதுதான். எங்களுக்கு இன்னும் இரண்டு புள்ளி வேண்டும், அதாவது பலகையில் ஒரு அடி. நோப்காவுக்கு ஒரே புள்ளி போதும், அம்பு பலகைக்குப் பக்கத்தில் விழுந்தாலே அது கிடைத்துவிடும், அடுத்து விடப்போகிறவன் வாங்டா. எங்கள் பக்கம் மிச்சமிருந்தவன் கியெம்போ. வரிசையை ஜோசியர் குறித்துக் கொடுத்திருந்தார், நான் மாற்ற முடியாது. ஜோசியர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கியெம்போவுக்கு இரண்டு அம்பு. எங்கள் ஆட்கள் அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். "பயப்படாத கியெம்போ", "உன்னால முடியும் கியெம்போ", "பட்டாப் படட்டும், படாட்டிப் போகட்டும்யா." எல்லோரும் தேன் ஒழுகப் பேசினார்கள். எங்கள் பெண்களும் மெதுவாக வாழ்த்துப் பாடினார்கள், தாம்ச்சோவும்தான். சொந்த அணிக்காரனை யாரும் கேலி செய்வதில்லை. நோப்காப் பெண்கள் அவன் கை நடுங்குவதாகப் பாடினார்கள். அவன் தோளைக் காது வரை தூக்கி விறைத்துக்கொண்டு நின்றான்.

முதல் அம்பு எழுந்தது. அம்பு விடுகிறவனைச் சீண்ட, வழக்கம்போல் பலகைக்குப் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்த நோப்கா ஆட்கள் விலகக்கூட இல்லை. அது ஓடைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"கொஞ்சம் தள்ளிப் போச்சு அண்ணே" என்றான் கியெம்போ. உதடு கோணியது.

அப்போதுதான் தாம்ச்சோ எங்கள் பெண்கள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். மைதானத்தைக் குறுக்கே கடந்து நடந்தாள். நேராகப் போய் நோப்காப் பெண்கள் வரிசையில் நின்றாள். அவர்கள் மிரண்டு இடம் விட்டார்கள்.

"ஏய், அங்க என்ன பண்ற? இங்க வா!" என்று நான் கத்தினேன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே!" என்றாள். அப்புறம் ஆரம்பித்தாள். பாட்டு இல்லை, ராகம் இல்லை, வீட்டில் திட்டுகிற அதே குரல்.

"யோவ் கியெம்போ! அம்பு விடச் சொன்னா ஓடையில மீனா புடிக்கிற? பத்தொம்போது வருஷமா என் கையால மொளகாயும் பாலாடையும் தின்ன ஒடம்பு, ஒரு மரப்பலகைய அடிக்க வக்கில்ல! ஜோசியர் தொப்பியக் குறி வெச்ச ஆளுதான நீ? அதையாச்சும் அடிச்சியா? இடுப்பு வார இன்னும் ஒழுங்காக் கட்டத் தெரியல. நேரா நில்லுய்யா! தோள எறக்கு! கொட்டாய்க்குப் போறதுக்கு முன்னாடி கோழிக்கூட்டு ஓட்டைய அடைக்கச் சொன்னேனே, அடச்சியா? வாயத் தொறந்து சொல்லு, அடச்சியா?"

எங்கள் ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நான் கியெம்போவைப் பார்த்தேன். தோள் இறங்கியிருந்தது. ஏர் ஓட்டும்போது இருக்குமே, அந்த முகம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபது வருடம் முன்னால் அவன் இரண்டு அம்பு அடித்த அன்று யார் எதிரில் நின்று கத்திக்கொண்டிருந்தது? அதற்கப்புறம் வருடா வருடம் அவனைக் கொட்டகையில் அடைத்து, இரண்டு நாள் அந்தக் குரலே கேட்காமல் செய்து, தட்டிக்கொடுத்துத் தட்டிக்கொடுத்து அனுப்பியது யார்? நாங்கள்தான். நான்தான். அந்த இடத்திலேயே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கியெம்போ வில்லை இழுத்தான். தாம்ச்சோ நிறுத்தவில்லை. அம்பு போனது. நூற்றைம்பது தப்படிக்கு அப்பாலிருந்து டொக்கென்று ஒரு சத்தம் வந்தது.

யாரும் ஆடவில்லை. ஆடவேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. ஜோசியர்தான் முதலில் எழுந்து குதித்தார். அப்புறம் நாங்கள் ஆடிய ஆட்டத்தில் எனக்கு முழங்கால் பிசகி ஒரு வாரம் எண்ணெய் போட்டேன். நோப்கா தலைவன் பல் செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தான். "அவ எங்க பக்கம் நின்னுல்ல பாடுனா? அப்ப அவ எங்க ஆளு!" என்றான். "அப்ப உங்க ஆளு பாடித்தான்யா நீங்க தோத்தீங்க, கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவன் தாம்ச்சோவை ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

நான் மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு கியெம்போவிடம் போனேன். அவன் இடுப்பைக் காட்டாமல் என்னைத் தாண்டி நடந்தான். மைதானத்தைக் கடந்து, நோப்காப் பெண்கள் வரிசையில் மூச்சு வாங்க நின்றிருந்த பெண்டாட்டி முன்னால் போய் நின்றான். தாம்ச்சோவின் கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றான் கியெம்போ. "கடைசி வரி சரியா கேக்கல."

இந்தத் தடவை அவளுக்குப் பதில் இருந்தது.

"கோழிக்கூட்டு ஓட்டைய அடச்சியான்னு கேட்டேன்."

"இல்ல" என்றான் அவன்.

அன்றைக்கு நரி இரண்டு கோழியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அதற்கு அவன் வாங்கிய திட்டு எங்கள் வீடு வரை கேட்டது. நான் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே, அடுத்த வருட அணிப் பட்டியலில் அவன் பெயரை எழுதினேன். டீ காய்ச்ச வாத்தியாரைக் கேட்டிருக்கிறோம்.