ஒரு ‘ம்’மில் போன மாடு

முதன்முதலில் வலித்தது பால் கறக்கும்போதுதான். அதனால் பழி மாட்டின் மேல் விழுந்தது.

விடியற்காலை, பாதிக் கறவையில், வலது கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை சுளீரென்று இழுத்தது. கையை உதறிவிட்டுக் கறந்து முடித்தேன். ஒரு வாரத்தில் சொம்பைத் தூக்க முடியவில்லை. பத்தாம் நாள் ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படி இருந்தால் மேலே படியுங்கள். நான் செய்த மடத்தனத்தையாவது நீங்கள் செய்யாமல் இருக்கலாம்.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்குப் பக்கத்தில். கொஞ்சம் நிலம், ஒரே ஒரு கறவை மாடு, அதன் கன்று. என் கணவர் ஏழுமலை டிராக்டர் ஓட்டுகிறார். மாட்டின் நிறம் செவலை, பேரும் செவலை. என்னைத் தவிர யார் மடியில் கை வைத்தாலும் உதைக்கும். எங்கள் வீட்டில் கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன் கணுவால் காம்பை அழுத்தித்தான் கறப்போம். இருபத்தைந்து வருடமாக நான் அப்படித்தான் கறந்தேன். ஒருநாளும் வலித்ததில்லை. அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

டவுனில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். மாடு கறக்கிறேன் என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டெனோசைனோவைட்டிஸ் (தசையை எலும்போடு இணைக்கும் நாணைச் சுற்றியுள்ள உறை வீங்கிப்போவது) என்றார். விரலும் மணிக்கட்டும் அசையாதபடி ஒரு பட்டை போட்டு, கறவையை நிறுத்தச் சொன்னார்.

கறவை காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. மிச்ச நேரமெல்லாம் அந்தக் கட்டைவிரல் என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் சொல்கிறேன். போனைத் தள்ளிக்கொண்டிருந்தது. உலை கொதிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, சோறு தின்னும்போது. யாரோ போடும் கோலத்தை வாய் பிளந்து பார்ப்பேன்; என் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். யாரோ குழம்பு வைப்பதைப் பார்ப்பேன். என் அடுப்பில் குழம்பு அடிபிடித்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் நான்கு நாள் வந்து கறந்து பார்த்தார். செவலை விட்ட உதையில் ஐந்தாம் நாள் அவர் வரவில்லை. கறக்காத பால் மடியில் கட்டிக்கொள்ள ஆரம்பித்தது. நான் பட்டை போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் போன் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. செவலையையும் கன்றையும் ஏற்ற வந்த வண்டி. ஒன்றும் புரியாமல் ஏழுமலையைக் கேட்டேன்.

“இன்னாய்யா இது? யாரக் கேட்டு வித்த?”

“உன்னத்தான் கேட்டேன். கரியாலூர்ல ஒரு அம்மா கேக்குது, குடுத்துடலாமான்னு மூணு வாட்டி கேட்டேன். மூணு வாட்டியும் ‘ம்’ன்ன.”

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. எனக்கோ நினைவே இல்லை. மூன்று தடவையும் போனில் எதையோ பார்த்திருக்கிறேன். எதைப் பார்த்தேன் என்பதும் நினைவில் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மாட்டைக் கொடுத்து அதற்குப் பதிலாக நான் பார்த்தது என்ன என்றுகூட என்னால் சொல்ல முடியாது.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது, மாற்ற முடியாது. எங்கள் பக்கம் மாட்டை விற்றாலும் கயிற்றை விற்க மாட்டோம். கயிறு போனால் கொட்டகையின் ராசியும் கூடவே போய்விடும் என்பார்கள். வந்தவர்கள் புதுக்கயிறு கட்டினார்கள். பழைய கயிற்றை நான் பல்லால் அவிழ்த்தேன். கட்டைவிரல்தான் உதவவில்லையே. கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே போய் அழுதேன். அழுது முடித்ததும் போனை எடுத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

மாடு போன பிறகு வேலை கம்மி, போன் ஜாஸ்தி. இரண்டு மாதத்தில் வலது கை ஆறவில்லை, இடது கட்டைவிரலும் வீங்கிக்கொண்டது. இந்த முறை கள்ளக்குறிச்சியில் வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இயன்முறை மருத்துவர் (பயிற்சிகளால் குணப்படுத்துபவர்) ஒரு சின்ன வயசுப் பெண். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார். உயிர் போய் வந்தது. மாடு கறந்ததால் வந்தது என்று பழைய பாட்டையே பாடினேன்.

“மாடுதான் வித்துட்டேன்றீங்களே, அப்புறம் இந்த எடது கை ஏங்க வலிக்குது? நீங்க வெளியில உக்காந்துகினு இருக்கும்போதே பாத்தேன்க்கா. ஒரு கையில பட்டைய மாட்டிகினு, இன்னொரு கையால தள்ளிகினே இருந்தீங்க.”

என் போனை வாங்கி, அதிலேயே இருக்கும் கணக்கைக் காட்டினார். ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. முதலில் அந்தப் பெண் மேல். அப்புறம் கேள்வி கேட்காத டாக்டர் மேல். அப்புறம் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும்படி அந்தச் சனியனைச் செய்துவைத்தவன் மேல். மடியில் பால் வற்றினால் எழுந்துவிட வேண்டும், கறவைக்கு ஒரு முடிவு உண்டு. இதற்கு இல்லை. கடைசியாக என் மேல் வந்த கோபம்தான் இன்னும் போகாமல் இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தையே விற்றுவிட்டேன்.

கட்டைவிரலை மடக்கிக் கறந்ததும் ஒரு காரணம்தான், அதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் எங்கே, ஐந்தரை மணி நேரம் எங்கே? ஆறு வாரம் இரண்டு கையையும் ஆறவிடவேண்டும், ஆறாவிட்டால் ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் அறுவைச் சிகிச்சை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் போனை ஒரு துணிப்பையில் போட்டு, கயிறு தொங்கும் ஆணியிலேயே மாட்டினேன். மணி அடித்தால் எழுந்து கொட்டகைக்குப் போக வேண்டும். எடுக்கும்போதெல்லாம் கயிறு கையில் படும். பட்டால் மனசு எரியும். எரியட்டும் என்றுதான் அங்கே மாட்டினேன்.

போனை வைத்துவிட்டால் மனசு உடனே அமைதியாகிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். முதல் பத்து நாள் எரிச்சலில் எல்லோர் மேலும் விழுந்து பிடுங்கினேன். கட்டைவிரல் தானாக ஆடும், ஒன்றுமில்லாத காற்றைத் தள்ளும். மற்றவர்கள் தையலோ தோட்டமோ பார்க்கலாம். எனக்குக் கையும் இல்லை, மாடும் இல்லை.

கை சும்மா இருந்ததால் காது வேலை செய்யத் தொடங்கியது. ஏழுமலை சாப்பிடும்போது பேசுகிறவர் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எந்தக் கொல்லையில் உழுதார், எங்கே கலப்பை மாட்டிக்கொண்டது என்று சொல்வார். நான் பதில் சொன்னதும் முதல் நாள் நிமிர்ந்து பார்த்தார். ‘ம்’ மட்டும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆறு வாரம் கழிந்ததும் வாசல் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். எட்டாம் வாரம் ஐந்து புள்ளி வைத்துக் கோலம் போட்டேன். கோடு நடுங்கியது. அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழிக்கவில்லை.

வீக்கம் வடிந்து, வலி விட்டுப்போக ஐந்து மாதம் ஆனது. ஊசி தேவைப்படவில்லை. செவலையைத் திரும்பக் கேட்கலாம் என்று இருவரும் மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போனோம். மாட்டை வாங்கிய அம்மாவின் பேர் சின்னப்பொண்ணு. நாங்கள் போனபோது கறந்துகொண்டிருந்தார். செவலை அசையாமல் நின்றது. கட்டைவிரலை மடக்காமல், காம்பை முழுக் கையால் பிடித்துக் கறந்தார். எத்தனையோ பேர் அப்படித்தான் கறக்கிறார்களாம். நானும் அப்படிக் கறந்திருக்கலாம். விற்றிருக்கவே வேண்டாம்.

கேட்டேன். அவர் கறப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

“தரமாட்டேங்க. எங்கிட்ட பழகிடுச்சு. இது பால்லதான் எங்க வூடு ஓடுது. இப்ப அஞ்சு மாசம் செனை. கெடேரி கண்ணு போட்டா அதத் தரேன், கயிறு எடுத்துகினு வாங்க.”

மிச்சப் பாலைக் கறந்து பாருங்கள் என்று விலகி இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். செவலை திரும்பி முகர்ந்து பார்த்தது, உதைக்கவில்லை. முழுக் கையால் பிடித்தேன். பால் உடனே வரவில்லை. முன்பெல்லாம் அந்த ஒரு நிமிடத்தைத் தாங்க மாட்டேன், இடையில் போனை எடுப்பேன். அன்று கையை அதன் மடியிலேயே வைத்திருந்தேன். தானாகப் பால் இறங்கியது.

வெறுங்கையோடுதான் மலையிலிருந்து இறங்கினோம்.

கன்று பிறக்க இன்னும் மூன்று மாதம். கிடேரியா காளையா, தெரியாது. காளையென்றால் கயிறு ஆணியிலேயே கிடக்கும். நாள் கணக்கைப் போனில் பார்ப்பதில்லை. விரல் கணுக்களில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொரு வாரமாக எண்ணுகிறேன். கட்டைவிரல் வலிக்கவில்லை. அது நன்றாக இருக்க இருக்கத்தான், வீணாக மாட்டை விற்றேனே என்று எனக்குக் கோபம் வருகிறது.