வேம்போடு கதைத்தவர்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குசினிக் குழாய்க்கு வாஷர் மாற்றியது. தொண்ணூற்றேழாம் ஆண்டு மார்கழி, யுத்தகாலக் கொழும்பில், வெள்ளவத்தையில். நான் ஸ்பானரைத் திருக, அவர் டோர்ச் பிடித்தார். வெளிச்சம் குழாயில் நிற்கவில்லை. யன்னல் வழியாக வெளியே போனது.

"அந்தக் கொட்டம்பாவைப் பார். இந்தக் குளிருக்குள்ள உடுப்பெல்லாம் கழட்டிப்போட்டு நிக்கிறான், வெக்கங்கெட்டவன்."

"அது மரம் அப்பா, இலை உதிர்க்குது. டோர்ச்சை இங்கால பிடியுங்கோ."

அப்பா சிவபாதசுந்தரம், தபால் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த தனிமையில் வந்த பழக்கமல்ல இது; அம்மா இருந்தபோதும் அப்படித்தான். ஒழுங்கை முனையில் நின்ற வேம்பு அவருக்குப் 'பெரியவ'. கேளாமல் ஓர் இலைக்குழை முறிக்க மாட்டார்.

நான் பொறியியலாளர். மரத்துக்குக் காதில்லை என்று ஒருமுறை சொன்னேன்.

"உனக்கு இருந்து என்ன கண்டது?" என்றார்.

அடுத்த வீட்டு லுத்பியாவின் மகளுக்கு அம்மை. தண்ணீர் வார்க்க வேப்பிலை கேட்டிருந்தார். குழாய் திருத்திய மறுநாள் விடியப்புறம் அப்பா சீலைப்பையோடு போனார். வேம்புக்குப் பக்கத்தில் இராணுவக் காவலரண்.

"எணை பெரியவ, எழும்பணை. சின்னப்பிள்ளை ஒண்டுக்கு அம்மை. ரெண்டு குழை வேணும்."

இருட்டில் தமிழ்க் குரல். யாரோடு கதைத்தாய் என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். மரத்தோடு என்று அப்பாவும் சிங்களத்தில் சொன்னார். கொப்புகளுக்குள் டோர்ச் அடித்துத் தேடினார்கள். மேலே ஒருவன் இருந்து தப்பிவிட்டான் என்று முடிவெடுத்து, அப்பாவைப் பொலிசில் ஒப்படைத்தார்கள்.

பின்னேரம் என்னைப் பார்க்க விட்டார்கள். நடந்ததை அப்பாதான் சொன்னார்.

"தனியக் கதைச்சனான், வயசு போன ஆள் எண்டு சொல்லுங்கோ அப்பா. விட்டிடுவாங்கள்."

"அவ கேட்டுக்கொண்டு நிண்டவ. தனிய எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அன்றிரவு சீமெந்துத் தரையில் அவருடைய இதயம் நின்றது. மாரடைப்பு என்று எழுதித் தந்தார்கள்.

அடுத்த கிழமை வேம்பை அடியோடு வெட்டினார்கள், ஆள் ஒளிந்திருக்க வசதியான மரமாம். அதில் மனிதரைக் கண்டவர்கள் அப்பாவும் அவர்களும்தான். படித்த எனக்கு அது வெறும் மரம்.

சீலைப்பையைத் திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து உள்வெளியாகப் புரட்டி உதறினேன். ஓர் இலையும் விழவில்லை. கேட்டிருக்கிறார், பறிக்கவில்லை.

லுத்பியா பிள்ளைக்கு வெறும் சுடுதண்ணீர் வார்த்தார்.