வடகவுஞ்சிக்காரர்கள் தூக்கிய கார்

கொடைக்கானல் டாக்சி ஸ்டாண்டில் பாண்டிச்செல்வியின் காரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏழு பேர், ஒன்பது பேர் ஏறும் வண்டிகளுக்கு இடையில் ஒடுங்கி நிற்கும் சின்ன வெள்ளைக் கார் அது. நாலு பேர் ஏறினால் நிறைந்துவிடும். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இது மலை ஏறுமாங்க?" என்று கேட்பார்கள்.

"ஏறித்தானே இங்க நிக்குது" என்பார் அவர்.

அட்டுவம்பட்டியில் வீடு. கணவர் முருகவேல் ஒரு விடுதியில் சமையல்காரர். கல்யாணத்துக்குப் பிறகுதான் பாண்டிச்செல்வி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். முதலில் ஒரு லாட்ஜுக்குச் சொந்தமான பெரிய வண்டியை ஓட்டினார். வத்தலக்குண்டில் இறங்கும் விருந்தாளிகளை மேலே கூட்டி வரும் வேலை. ஒரு தடவை ஒரே ஒரு ஆள் வந்தார், கையில் ஒரு பை. அவரை ஏற்றிக்கொண்டு மலை ஏறினார். வளைவுக்கு வளைவு எஞ்சின் உறுமியது. டீசல் முள் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே வந்தது.

அன்று வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. "ஒரு ஆளு, ஒரு பை. அதுக்கு ரெண்டு டன் இரும்பை மலைக்கு ஏத்திட்டு வந்திருக்கேன்" என்றார் முருகவேலிடம். "எரிஞ்சதெல்லாம் அந்த மனுசனுக்கா எரிஞ்சுது? இரும்புக்குல்ல எரிஞ்சுது."

"வண்டின்னா அப்படித்தான இருக்கும்?"

"அப்படித்தான் இருக்கணும்னு என்ன இருக்கு? எடை கொறஞ்சா எரியிறதும் கொறையும். சமவெளியில ஓட்டுறவுகளுக்குத் தெரியாது. மலையில ஓட்டுனா காலுக்கே தெரியும்."

சொந்தமாக வண்டி வாங்கும் நிலை வந்தபோது, பலர் சொல்லியும் கேளாமல் அந்தச் சின்னக் காரைத்தான் வாங்கினார், அதுவும் பழைய கார். ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரர் ஜெயமுருகன் விடாமல் கிண்டல் செய்வார். அவருடையது ஆளுயர வண்டி. "அக்கா, இது சாவி போட்டா ஓடுமா, இல்ல நாங்க பின்னாலருந்து தள்ளணுமா?" என்பார். பாண்டிச்செல்வி கோபித்துக்கொள்ள மாட்டார். சவாரி குறைவுதான். ஆனாலும் அந்த வண்டி ஏற்றத்தில் சுலபமாக ஏறும் விதம் அவருக்குப் பிடித்திருந்தது.

போன ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரே மூச்சாகப் பெய்தது. வத்தலக்குண்டு சாலையில் பெரிய மண்சரிவு. பாறையும் மரமும் சேர்ந்து சாலையை மூடிவிட்டன. பழனி சாலையிலும் வடகவுஞ்சிக்குப் பக்கத்தில் பள்ளத்துப் பக்கம் பாதிச் சாலை சரிந்துவிட்டது என்று நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். மின்சாரம் போனது, பிறகு போனும் போனது. டேங்கர் லாரி மேலே வர வழியில்லை. பெட்ரோல் பங்குகளில் கயிறு கட்டி மூடிவிட்டார்கள்.

ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஜெயமுருகன் வண்டியும் நின்றது. பாண்டிச்செல்வியின் கார் மட்டும் ஓடியது. டேங்கில் பாதிகூட இல்லாத நிலையில் மழை தொடங்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டே நர்சுகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார், வில்பட்டியிலிருந்து பால் கேன்களை ஏற்றி வந்தார், பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைச் சேர்த்தார். ஜெயமுருகன் ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியே தலையை விட்டு முள்ளைப் பார்ப்பார்.

"இன்னும் இருக்கா? அக்கா, நெசமாவே நீங்க பெட்ரோல்தான் ஊத்துறீங்களா?"

அப்போதுதான் வேலுத்தாய் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தார். அட்டுவம்பட்டியில் பாண்டிச்செல்வி வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். அவர் கணவர் வேலுச்சாமி பூண்டு விவசாயி. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் இரண்டு தடவை பழனிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்பவர். போக வேண்டிய நாள் தாண்டிவிட்டது. முகமும் காலும் வீங்கி, மூச்சு இரைத்துக் கிடந்தார்.

"ஆத்தா செல்வி, எப்படியாச்சும் பழனில சேத்துரு. மனுசன் படுக்க முடியாம உக்காந்தே கெடக்காரு" என்று வேலுத்தாய் அழுதார்.

பாண்டிச்செல்வி முள்ளைப் பார்த்தார். சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது. "இறக்கந்தான மதினி. பாதி ரோடு மிச்சமிருந்தா இந்த வண்டிக்குப் போதும். வெரசாக் கெளம்புங்க" என்றார். ஒத்தாசைக்கு ஜெயமுருகனும் ஏறிக்கொண்டார். வீட்டிலிருந்து வேலுச்சாமியைத் தூக்கி வேலுத்தாய் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

பெருமாள்மலை தாண்டிப் பழனி சாலையில் திரும்பினார்கள். பாண்டிச்செல்வி கியரிலேயே விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி தன் எடையிலேயே நிதானமாக இறங்கியது. விழுந்து கிடந்த கிளைகளுக்கும் கற்களுக்கும் இடையில் நெளிந்து போனது. மூடுபனிக்குள் அருவிகள் புதிது புதிதாகச் சாலையில் விழுந்துகொண்டிருந்தன. வண்டிக்குள் வேலுச்சாமியின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

வடகவுஞ்சிக்குப் பக்கத்தில் வழி முடிந்துவிட்டது.

பள்ளத்துப் பக்கச் சாலை காணாமல் போயிருந்தது. மிச்சமிருந்த மலையோரத்தையும் தண்ணீர் குறுக்கே அறுத்து ஓடையாக்கியிருந்தது. அக்கரையில் வடகவுஞ்சி ஆட்கள் இருபது இருபத்தைந்து பேர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். அவர்களில் பாப்பம்மாள் என்ற பெண் குரல் கொடுத்தார். "வண்டி வராதும்மா! திரும்புங்க!"

"டயாலிசிஸ் ஆளு இருக்காரு!" என்று ஜெயமுருகன் கத்தினார்.

நாலைந்து பேர் தண்ணீரில் இறங்கி வந்து வேலுச்சாமியைத் தூக்கி அக்கரை சேர்த்தார்கள். வேலுத்தாயும் பின்னாலேயே போனார். ஆனால் அங்கிருந்து பழனிக்குப் போக வண்டி ஏதும் இல்லை. கீழே சோதனைச் சாவடியை மூடிவிட்டதால் ஒன்றும் மேலே வரவில்லை. சுமந்துகொண்டு நடந்தால் எப்போது போய்ச் சேர்வது என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, பாப்பம்மாள் இக்கரைக்கு வந்து காரைச் சுற்றி நடந்தார். பின்பக்கத்தைப் பிடித்து உலுக்கினார். வண்டி ஆடியது.

"ஏலே, இங்க வாங்கடா" என்றார் தன் ஆட்களைப் பார்த்து. "ஆளுக்கு ஒரு வாழைத்தார் எடைதான் வரும்போல. தூக்குனா என்ன?"

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மழைக்குத் தலையில் போட்டிருந்த கோணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். தலைச்சுமையாகக் காப்பி மூட்டையும் வாழைத்தாரும் சுமந்து பழகிய ஆட்கள், பெண்களும் உண்டு. வண்டியின் நாலு பக்கமும் கை வைத்தார்கள். ஜெயமுருகன் முன்பக்க பம்பரில் தோள் கொடுத்தார்.

"முருகா!" என்று ஒரு குரல் எழுந்தது.

கார் தரையை விட்டு மேலே வந்தது.

பாண்டிச்செல்வி வாயில் கை வைத்து நின்றார். தான் தினமும் ஏறி உட்காரும் வண்டி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, மனிதக் கைகளில் மிதந்துகொண்டிருந்தது. அடியில் ஓடை இரைந்தது. ஒரு அடி வைத்தார்கள், நின்றார்கள், மூச்சு வாங்கினார்கள், அடுத்த அடி வைத்தார்கள். ஒருவர் வழுக்கினார், பக்கத்தவர் தாங்கினார். தேர் நகர்வதைப் பார்க்கிறவர்போல வேலுச்சாமி அந்த மூச்சிரைப்பிலும் கைகூப்பியிருந்தார். அக்கரையில் கற்கள் மேல் காரை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டார்கள்.

ஜெயமுருகன்தான் முதலில் பேசினார். "என் வண்டிய மொத்த ஊரு வந்தாலும் அசைச்சிருக்க முடியாது" என்றார்.

"வெரசாப் போம்மா, போ" என்று பாப்பம்மாள் கதவைத் தட்டினார்.

மறுபடி இறக்கம். எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. காலுக்கடியில் முட்டை இருப்பதுபோல் பாண்டிச்செல்வி ஓட்டினார். மேகம் விலகிய ஒரு வளைவில் கீழே சமவெளி விரிந்து, பழனிமலைக் கோபுரம் சின்னதாகத் தெரிந்தது. வேலுத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடிவாரத்துக்கு வந்து, ஊருக்குள் நுழைந்து, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் வரைக்கும் எஞ்சின் ஒரு தடவைகூட விக்கவில்லை. வேலுச்சாமியை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் தாமதித்திருந்தால் நுரையீரலில் நீர் நிரம்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

வேலுச்சாமி வெளியே வரும்போது மூச்சு சீராகியிருந்தது. பழனியிலேயே உறவுக்காரர் வீட்டில் சில நாள் தங்கச் சொன்னார்கள். பாண்டிச்செல்வியும் ஜெயமுருகனும் டேங்கை நிரப்பிக்கொண்டு, மருந்துப் பெட்டிகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு, சாவடியில் அதைக் காட்டி வழி கேட்டு, அன்று மாலையே மலை ஏறினார்கள். மறுபடி தூக்கச் சொல்லிக் கேட்பதை நினைத்துப் பாண்டிச்செல்விக்குக் கூச்சமாக இருந்தது.

ஓடையருகே போனவர் பிரேக்கை மிதித்தார். வடகவுஞ்சிக்காரர்கள் பாறைகளை உருட்டிப் போட்டு, சவுக்குக் கட்டைகளைப் பரப்பி, மேலே மண் கொட்டி வைத்திருந்தார்கள். பாதையின் அகலம் அந்தக் காரின் அகலம். அதற்கு மேல் ஒரு கையளவுகூட இல்லை.

"உன் வண்டி எடைய நாங்கதான தூக்கிப் பாத்தோம்" என்றார் பாப்பம்மாள். "அதுக்குத் தாங்குற மாதிரிதான் போட்டிருக்கோம். தைரியமா வா."

பாண்டிச்செல்வி முதல் கியரில் மெல்ல ஏற்றினார். கட்டைகள் முனகின, ஆனால் அசையவில்லை.

பெரிய சாலை சரியாகும் வரை மலைக்கு மருந்தும் அரிசியும் அந்த வழியாகத்தான் வந்தன, எல்லாம் சின்னக் கார்களில். பழனியிலிருந்தும் ஆயக்குடியிலிருந்தும் யார் யாரோ கொண்டுவந்தார்கள். தூக்கி வைத்த காரைப் பற்றிக் கேட்டுவிட்டு, பலர் ஓடைக்குப் பக்கத்தில் இறங்கி நின்று, பள்ளத்தையும் தங்கள் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.